‘ஒன்றுமில்லை’ என்று சொல்வது யார்? இன்மைவாதமும் நம் மலையும்

2023 ஓகஸ்ட் 14, காலை. இலங்கை மலையகத்தின் ஹப்புத்தளையிலிருந்து ஒரு வாசகர்:

டீச்சர், ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவையும் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யூவையும் அடுத்தடுத்துப் படித்து முடித்த கையோடு எழுதுகிறேன். எதற்கும் பொருளில்லை என்னும் நிகிலிசத்தை, அந்த இன்மைவாதத்தை, நாம் ஏன் ஐரோப்பாவிடம் கற்க வேண்டும்? தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்தவனுக்கு நிலம் இல்லை, முகவரி இல்லை, நேற்றுவரை நாடும் இல்லை. கொழுந்துக் கூடையோடு தினமும் மலையேறி இறங்கும் நம் பெண்களைவிடப் பெரிய சிசிபஸ் யார், காம்யூ சொல்லும் அந்தக் கல் உருட்டுபவன்? இப்போது தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து, நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். நடந்து என்ன ஆகப்போகிறது? மலையகத்தின் உண்மையான தத்துவம் நிகிலிசம்தான் என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஓகஸ்ட் 14, இரவு

மறுக்கிறேன்.

இல்லாதவன் வேறு, இல்லை என்பவன் வேறு. இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள், தம்பி.

துர்கனேவின் ‘தந்தையரும் தனயரும்’ 1862இல் வந்தது. அதன் நாயகன் பஸாரோவ் மருத்துவம் படிப்பவன், தவளையை அறுத்துப் பார்ப்பவன், ஒரு நல்ல வேதியியலாளன் எந்தக் கவிஞனைவிடவும் இருபது மடங்கு பயனுள்ளவன் என்று முகத்துக்கு நேரே சொல்பவன். நிகிலிஸ்ட் என்பவன் எந்த அதிகாரத்துக்கும் தலைவணங்காதவன், எந்தக் கொள்கையையும் நம்பிக்கையின் பேரில் மட்டும் ஏற்காதவன் என்று அவன் நண்பன் அர்க்காதி விளக்கம் தருகிறான். அந்த மனிதனுக்குப் படிப்பு இருந்தது, திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது, வாசலில் காத்திருக்கத் தாய் தந்தை இருந்தார்கள். கையில் இருப்பதைத்தான் ஒருவன் தூக்கி எறிய முடியும்.

நம் தாத்தாக்கள் எதைத் தூக்கி எறிந்தார்கள்? 1948இல் நம்மை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. அவர்கள் யாரையும் மறுக்கவில்லை. அவர்கள்தான் மறுக்கப்பட்டார்கள். மறுக்கப்பட்டவனின் களைப்பைத் தத்துவம் என்று அழைப்பது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நடையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடைசி நாளில் மாத்தளைக்குள் நானும் நடந்தேன். குதிகாலில் இன்னும் கொப்புளம் இருக்கிறது. வழியில் ஒரு சிங்கள மூதாட்டி வீட்டு வாசலில் குடமும் குவளையுமாக நின்று, நடந்து வந்த ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். அந்தப் பாதையில் ஒரு காலத்தில் வாந்திபேதி கண்டவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே நடந்தார்கள் என்று படித்துப் படித்து வளர்ந்தவள் நான். தண்ணீரை வாங்கிக் குடித்தபோது என்ன தோன்றியது என்று இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று எழுத வரவில்லை.

ஓகஸ்ட் 15

ஒரு திருத்தம். நேற்றுப் பின்னிரவில் ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதும்போது ‘நிகிலிசம் துர்கனேவ் உண்டாக்கிய சொல்’ என்று எழுதிவிட்டேன். தவறு. ஜெர்மன் சிந்தனையாளர் யாக்கோபி 1799இல் தத்துவவாதி ஃபிக்டேக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்திலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. எல்லாவற்றையும் அறிவுக்குள் அடக்கப் பார்த்தால் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாது என்பது அவர் குற்றச்சாட்டு. ரஷ்யாவிலும் துர்கனேவுக்கு முன்பே நதேஷ்தின் என்ற விமர்சகர் 1829இல் அதை வசையாகப் பயன்படுத்தியிருக்கிறார். துர்கனேவ் செய்தது அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. நாவல் வந்த அதே ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் சந்தையில் பெரும் தீ. ஊர் திரும்பிய துர்கனேவிடம் எதிர்ப்பட்ட ஒருவர், ‘பாருங்கள், உங்கள் நிகிலிஸ்ட்டுகள் நகரத்தையே கொளுத்துகிறார்கள்’ என்றாராம். அவரே எழுதிவைத்திருக்கிறார்.

தமிழில் எப்படிச் சொல்வது என்றும் கேட்கிறார்கள். சிலர் சூனியவாதம் என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். முதலாவது, அது நாகார்ஜுனரின் பௌத்தப் பள்ளிக்கு ஏற்கெனவே உரிய பெயர், இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது காரணம் எங்கள் வீட்டில் கிடைத்தது. இதைத் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் இருந்த அம்மா ‘என்ன எழுதுகிறாய்’ என்று கேட்டார். ‘சூனியவாதம்’ என்றேன். பதறிப்போய், ‘யாருக்கு யார் சூனியம் வைத்தார்கள்? விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தப் பேச்சு எதற்கு?’ என்று உப்பும் மிளகாயும் எடுக்கப் போய்விட்டார். எனக்கு இன்மைவாதம் போதும்.

ஓகஸ்ட் 17

பஸாரோவின் சாவைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு நாவலே அங்கேதான் இருக்கிறது.

அவன் ஊருக்குத் திரும்பி, ஓய்வுபெற்ற இராணுவ மருத்துவரான தந்தையோடு சேர்ந்து கிராமத்து நோயாளிகளைப் பார்க்கிறான். டைஃபஸ் காய்ச்சலில் இறந்த ஒரு குடியானவனின் உடலை அறுக்கும் இடத்தில் விரலில் வெட்டுக்காயம் பட்டுவிடுகிறது. உடனே காரம் வைத்துச் சுட்டால் தப்பலாம். அந்த வட்டாரத்து மருத்துவரிடம் காரம் இல்லை. வீட்டுக்கு வந்து தந்தையிடம் கேட்கும்போது நான்கு மணி நேரம் கடந்துவிட்டது.

சிறுவயதில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு எட்டு வயது இருக்கும்போது கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பாவின் இடது கையில் கத்தி இறங்கியது. படங்குச் சாக்கைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தார். அங்கே ஒரு போத்தலில் சிவப்பு மருந்து இருந்தது, பஞ்சு இருந்தது, வேறெதுவும் இல்லை. ஊசி மருந்து முடிந்துவிட்டது, மாதக் கடைசியில்தான் வரும் என்றார்கள். கொழுந்து லொறி வரும்வரை இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) உட்கார்ந்திருந்தார். சாக்கிலிருந்து சொட்டிய இரத்தம் சிமெந்தில் விழுந்து, அதன்மேல் ஈ உட்கார, அப்பா அதைக் காலால் விரட்டிக்கொண்டிருந்தது கண்ணில் நிற்கிறது. கொழுந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை.

ஆகவே, ‘பஸாரோவின் சாவு தற்செயல், துர்கனேவ் கதையை முடிக்கத் தெரியாமல் கொன்றுவிட்டார்’ என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரு சிற்றூர் மருந்துப் பெட்டியில் மருந்து இல்லாமல் போவது தற்செயலா? எல்லாவற்றையும் இல்லை என்ற மனிதனின் முன்னால் கடைசியில் வந்து நின்றது, மருந்து இல்லை என்ற ஒரு சாதாரண இல்லை.

சாகும்போது அவன் சொல்வதையும் பாருங்கள். ரஷ்யாவுக்கு நான் தேவையா? தேவையில்லை போலிருக்கிறது. யார் தேவை? செருப்புத் தைப்பவன் தேவை, தையற்காரன் தேவை, இறைச்சி விற்பவன் தேவை. அதோடு பேச்சுக் குழறிவிடுகிறது.

ஓகஸ்ட் 18

தம்பி, உங்களுக்கு ஒரு பக்கம் காட்ட வேண்டும். வைக்கோல் போரின் நிழலில் பஸாரோவும் அர்க்காதியும் படுத்திருக்கும் இடம். கடைக்கோடிக் குடியானவனுக்கும் அந்த வெள்ளை வீட்டைப் போல ஒரு வீடு கிடைத்தால்தான் ரஷ்யா முழுமை பெறும், அதற்காக நாம் உழைக்க வேண்டும் என்று அர்க்காதி முன்பு சொல்லியிருக்கிறான். பஸாரோவ் சீறுகிறான். அந்த ஃபிலிப்பையோ சீதரையோ நான் வெறுக்கிறேன், அவனுக்காக நான் தோலை உரித்துக்கொண்டு உழைக்க வேண்டுமாம், அவன் நன்றிகூடச் சொல்லமாட்டான். சரி, அவன் வெள்ளை வீட்டில் இருப்பான், என் உடம்பிலிருந்து காட்டுச்செடி முளைக்கும். பிறகு?

அந்தப் ‘பிறகு?’ என்ற கேள்விதான் இன்மைவாதத்தின் முழு பலமும். யாராலும் எளிதில் பதில் சொல்ல முடியாது.

என்னிடம் இருக்கும் பழைய பிரதியில் இந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘முதலில் வீடு’ என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதல்ல.

ஓகஸ்ட் 20

சிசிபஸுக்கு வருகிறேன். இது நீளும்.

காம்யூவின் கட்டுரை 1942இல் வந்தது, ‘அந்நியன்’ நாவலும் அதே ஆண்டுதான். தேவர்கள் சிசிபஸைக் கல்லை உருட்டி மலையேற்றச் சபிக்கிறார்கள். உச்சியில் கல் கீழே உருண்டுவிடுகிறது, அவன் மறுபடி இறங்குகிறான். அவன் மகிழ்ச்சியாக இருப்பதாகவே நாம் கற்பனை செய்ய வேண்டும் என்று காம்யூ முடிக்கிறார். கூடையோடு ஏறும் பெண் இவன்தான் என்கிறீர்கள். பார்வைக்கு ஒப்புமை அழகாகத்தான் இருக்கிறது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வாருங்கள். மாலை நான்கரை. மழை தூறுகிறது. பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள், படங்கிலிருந்து நீர் சொட்டுகிறது. தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டுகிறார்கள், முள் ஆடுகிறது, ஆட்டம் நிற்கும்வரை பொறுக்காமலே எண்ணைக் கூப்பிடுகிறார்கள். அதில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றின இலைக்கு இவ்வளவு என்று கழிவு. கழிவு போக அன்றைய அளவுக்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பெயர் ‘பேர்’. பேர் போட்டார்களா, பேர் விழுந்ததா என்றுதான் கேட்போம். ஒரு கிலோ இலைக்குக் குறைந்தால் அன்று நீங்கள் பாதி ஆள், உங்களுக்குப் பாதிப் பேர்.

சிசிபஸின் கல்லை யாரும் நிறுக்கவில்லை. உச்சிக்குப் போன கல்லை எவனும் பெட்டியில் அடைத்து ஏலத்துக்கு அனுப்பவில்லை. அவன் உழைப்பு உண்மையிலேயே வீண், அதனால்தான் அது அபத்தம். நம் பெண் பறித்த இலையோ வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்து, கொழும்பு ஏலத்தில் விலைபோய், யாரோ ஒருவரின் காலையில் ஆவி பறக்கிறது. அவள் வேலைக்குப் பொருள் இருக்கிறது. அந்தப் பொருள் அவளிடமிருந்து கழிவு போட்டு எடுத்துச் செல்லப்படுகிறது. ‘வாழ்வே அர்த்தமற்றது’ என்று அவளிடம் போய்ச் சொன்னால் தராசுக்காரனுக்குத்தான் வசதி.

இதில் காம்யூவுக்கு நான் அநியாயம் செய்யவில்லை. அவர் இன்மைவாதத்தோடு சண்டை போட்டவர். 1951இல் வந்த ‘கலகக்காரன்’ நூலில், இல்லை என்று எழுந்து நிற்பவன் அதே மூச்சில் ஒன்றை ஆம் என்கிறான் என்கிறார். இதற்கு மேல் விடமாட்டேன் என்று அவன் கோடு கிழிக்கும்போது, கோட்டுக்கு இந்தப் பக்கம் காப்பாற்ற ஒன்று இருக்கிறது. ‘நான் கலகம் செய்கிறேன், ஆகவே நாம் இருக்கிறோம்.’ 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாக்கியம் வரும். சில சதங்கள் கூலி உயர்வு. அந்தச் சில சதங்களுக்கு அந்தப் பக்கம் ‘நாம்’ இருந்தோம்.

ஓகஸ்ட் 24

எதை முதலில் படிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். துர்கனேவ், பிறகு தஸ்தயெவ்ஸ்கி, பிறகு காம்யூ. ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயை நடுவில் எங்கும் செருகலாம், ஆனால் துண்டு மேற்கோள்களாகப் படிக்காதீர்கள். பட்டப்பகலில் விளக்கைக் கொளுத்திக்கொண்டு சந்தைக்கு வந்து கடவுளைத் தேடும் பைத்தியக்காரனின் பகுதியை (1882) முழுவதும் படியுங்கள். ‘கடவுள் இறந்துவிட்டார்’ என்பதை மட்டும் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். ‘நாம்தான் கொன்றோம்’ என்ற அலறல் அதற்கு அடுத்தே வருகிறது. சந்தையில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களும் கடவுளை நம்பாதவர்கள்தான். இழந்தது என்னவென்று தெரிந்தவன் அந்தப் பைத்தியக்காரன் மட்டுமே.

ஓகஸ்ட் 30, போயா (பௌர்ணமி)

எதிர்மலை விகாரையிலிருந்து ஒலிபெருக்கியில் பண என்னும் பௌத்த உபதேசம் ஓதுவது காலையிலிருந்தே கேட்கிறது. இந்த நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதாமல் விட முடியாது: நீட்சே பௌத்தத்தைச் செயலற்ற இன்மைவாதம் என்றார். ஓய்ந்துபோன மனத்தின் மதம் என்று எண்ணினார்.

என்னோடு முன்பு படிப்பித்த சிங்கள ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. புத்தர் இரண்டு பக்கத்தையும் விலக்கியவர் என்று விளக்கினார். எல்லாம் என்றும் நிலைக்கும் என்பது சாசுவதவாதம். எல்லாம் செத்ததோடு அற்றுப்போகும், செயலுக்குப் பயனே இல்லை என்பது உச்சேதவாதம். பின்னதைச் சொன்ன அஜித கேசகம்பலியின் பேச்சைச் சாமஞ்ஞபல சூத்திரம் பதிவு செய்திருக்கிறது: தானம் இல்லை, வேள்வி இல்லை, நல்வினை தீவினைக்குப் பயன் இல்லை, மண் மண்ணோடு போகும், முட்டாளும் அறிஞனும் ஒன்றாகவே அழிவார்கள். பஸாரோவுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலான மூத்த அண்ணன்!

நாகார்ஜுனர் மீதும் இதே பழி வந்தது. எல்லாம் சூனியம் என்றால் தருமமும் இல்லாமல் போகுமே என்றார்கள். சூனியம் என்பதைத் தவறாகப் பிடித்தவன் பாம்பைத் தவறாகப் பிடித்தவனைப் போல அழிவான் என்று அவரே எச்சரித்திருக்கிறார். ஒன்று இன்னொன்றைச் சார்ந்தே இருக்கிறது, தனித்து நிற்பது எதுவுமில்லை என்பதுதான் அவர் சொல்லும் வெறுமை. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரு காம்பராவின், ஒரு லயத்து அறையின், சுவர்தான் அடுத்த காம்பராவுக்கும் சுவர்.

செப்டெம்பர் 3

பதுளை அண்ணன் ஒருவர் என் முதல் குறிப்பைத் திருப்பி எடுத்துப்போட்டுக் கேட்டிருக்கிறார்: ‘களைத்தவனுக்குத் தத்துவம் வராதா, டீச்சர்? சொத்து இருப்பவன் இல்லை என்றால் அது சிந்தனை, இல்லாதவன் சொன்னால் அது வெறும் களைப்பா?’

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. அவர் சொல்வது சரி. நான் எழுதியது அநியாயம். அதிலும் யாருக்கு அநியாயம் செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பென்சில் கையெழுத்து என் அண்ணனுடையது.

அப்பா, நாடற்ற எங்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர். மாமா குடும்பம் முதலிலேயே போய்க் கோத்தகிரியில் இறங்கிவிட்டது. எங்களுக்குக் கடவுச்சீட்டு வந்தது, ட்ரங்குப் பெட்டி வாங்கியாயிற்று, பாத்திரங்களை அடுக்கியும் வைத்தாயிற்று. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. பெட்டி அடுக்கியபடியே காம்பராவின் மூலையில் இருந்தது. அண்ணனுக்கு அப்போது இருபது வயது. இந்த நாட்டில் அவர் இந்தியர். இந்தியாவிலோ அவர் காலே வைத்ததில்லை. எந்த நிரந்தர வேலைக்கும் விண்ணப்பிக்க முடியாது. நாட்கூலிக்குக் கைக்காசு வேலைக்குப் போனார், மற்ற நேரம் இஸ்தோப்பில் உட்கார்ந்து படித்தார். மாசி மாதத்துக் காமன் கூத்தில் சிறுவயதில் ரதி வேடம் கட்டி, எரிந்த காமனுக்காக அழுது ஊரையே அழவைத்தவர். பிறகு கூத்துக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை, தொழிற்சங்கத்துக்குச் சந்தாவும் கொடுக்கவில்லை. தலைவர் வந்தால் மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள், இவர் பக்கத்தைப் புரட்டுவார். திட்டினால், ‘எதற்கு எழ வேண்டும் என்று ஒரு காரணம் சொல், எழுகிறேன்’ என்பார்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகுதான் எங்கள் வீட்டுக்குப் பிரஜாவுரிமை வந்தது. நான் அதன்பின் நியமனம் பெற்றேன். அண்ணனுக்கு வயது முப்பத்தொன்பது. சான்றிதழை வாங்கிப் படித்துவிட்டு, ‘நல்லது, இனி நாங்கள் இருக்கிறோமாம்’ என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார். 2011இல் மாரடைப்பில் போனார்.

அவரைச் சோம்பேறி என்று நான் சொல்லியிருக்கிறேன். பிறகு, படித்து வேலைக்கு வந்த பிறகு, ‘அமைப்பால் நசுக்கப்பட்டவர்’ என்று சொல்லிக்கொண்டேன். இரண்டுமே அவர் சொன்னதைக் கேட்காமல் இருக்க நான் கண்ட வழிகள். அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவர். அர்க்காதியின் விளக்கம் அப்படியே அவருக்குப் பொருந்தும். எந்த அதிகாரத்துக்கும் தலைவணங்கவில்லை, எதையும் நம்பிக்கையின் பேரில் ஏற்கவில்லை. எங்கள் லயத்தில் ஒரு பஸாரோவ் இருந்தார், நான் அவரை நோயாளியாக மட்டும் பார்த்தேன்.

தம்பி, உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். மலையகத்தில் இன்மைவாதி இருக்க முடியாது என்பதை வாபஸ் வாங்குகிறேன். மலையகத்தின் தத்துவமே அதுதான் என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

செப்டெம்பர் 4

ஹப்புத்தளைத் தம்பிக்கு மட்டும். நீங்கள் ஆறு நாளாக எழுதவில்லை. முதல் நாள் கேட்டது புத்தகத்தைப் பற்றி மட்டும்தானா? இல்லையென்றால் எந்த நேரமானாலும் எழுதுங்கள். நான் அண்ணனிடம் இதைக் கேட்கவில்லை.

(பிற்சேர்க்கை, அன்று இரவு: எழுதிவிட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல், அலைச்சல் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார். நல்லது.)

செப்டெம்பர் 10

தஸ்தயெவ்ஸ்கியின் ‘பேய்கள்’ (1871-72) பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1869இல் நெச்சாயெவ் என்பவனின் இரகசியக் குழு தன் உறுப்பினன் ஒருவனையே, இவானொவ் என்ற மாணவனை, கொன்றது. நாவலுக்கு விதை அந்தச் செய்திதான். அதில் வரும் கிரிலோவ், கடவுள் இல்லையென்றால் நானே கடவுள், அதை நிரூபிக்க என்னையே நான் கொல்ல வேண்டும் என்கிறான். அவனுடைய தருக்கத்தைப் பெரிதாகப் பேசுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. அவன் குழந்தையோடு பந்து விளையாடுகிறான், இரவெல்லாம் தேநீர் குடிக்கிறான், அண்டை வீட்டுக்காரனின் மனைவி திரும்பி வந்திருக்கிறாள் என்றதும் தன்னிடம் இருந்த தேநீரையும் உணவையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறான். அந்தச் சாவைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு கும்பல் காத்திருக்கிறது, தங்கள் கொலைப்பழியை அவன் தலையில் எழுதி வாங்கிக்கொள்ள. தஸ்தயெவ்ஸ்கி இன்மைவாதிகளை வெறுத்தவர் என்பது பாதிதான் உண்மை. கிரிலோவை அவர் வெறுக்கவில்லை. அவன் விரக்தியில் வியாபாரம் பார்த்தவர்களைத்தான் வெறுத்தார்.

இந்த வேறுபாட்டை நம் இளைஞர்களின் விரக்தியை மேடையில் ஏற்றிப் பேசுபவர்களைக் கேட்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

செப்டெம்பர் 17

தமிழுக்கு வராமல் இந்த இழையை நீட்டுவது எனக்கே உறுத்துகிறது. நம்மிடம் இன்மைவாதம் இருந்ததா? பூதவாதி இருந்தான். மணிமேகலையின் 27ஆம் காதையில் சமயக் கணக்கர்கள் வரிசையாகத் தங்கள் மதத்தைச் சொல்லும்போது அவனும் சொல்கிறான்: ஆத்திப் பூவும் வெல்லமும் சேர்ந்தால் களிப்புப் பிறப்பதுபோல் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் போகும், இந்தப் பிறப்பைத் தவிர வேறில்லை, கண்ணால் காண்பது அன்றிப் பிற அளவைகளை ஏற்கமாட்டேன். மணிமேகலை ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையை எப்படி அறிவாய்?

எத்தனையோ முறை வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். இது சாமர்த்தியமான மடக்கு என்றே சொல்லிக் கடந்திருக்கிறேன். இந்த மாதம்தான் அது எங்கே கொண்டுபோகிறது என்று தெரிந்தது. பஸாரோவின் கதையும் தாய் தந்தையிடம்தான் முடிகிறது. மணிமேகலை தருக்கமாகக் கேட்டதை துர்கனேவ் ஒரு காட்சியாகக் காட்டுகிறார்: எல்லாவற்றையும் மறுத்தவனின் கல்லறைக்கு இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் (194) இருக்கிறார். ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மண முழவு. ‘படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்’ என்று படைத்தவனையே திட்டுகிறார். ‘இன்னாது அம்ம, இவ் உலகம்’ என்கிறார். அதோடு நிறுத்தாமல் ‘இனிய காண்க, இதன் இயல்பு உணர்ந்தோரே’ என்று முடிக்கிறார். ‘இனிய காண்க’ என்பதை ஆறுதல் வார்த்தையாகவே நான் எடுத்துவந்தேன். இப்போது எனக்கு அது கட்டளை மாதிரி ஒலிக்கிறது, அதுவும் கடினமான கட்டளை.

அண்ணன் இறந்த இரவு, பக்கத்துக் காம்பராவில் பெண் சடங்காகி ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டிருந்தார்கள். புறநானூற்றில் உள்ளபடி நடக்கவில்லை. எங்கள் வீட்டு அழுகை கேட்டதும் பாட்டை நிறுத்தினார்கள், கட்டிய பந்தலை இரவோடிரவாக எங்கள் வாசலுக்கு மாற்றினார்கள், சடங்குக்கு வடித்த சோற்றைச் சாவுக்கு வந்தவர்களுக்குப் போட்டார்கள். எதையும் மதிக்காத மனிதர் என்று அண்ணனிடம் பல வருடங்கள் பேசாதிருந்தவர்கள் அவர்கள்.

திருமூலரின் ‘பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு’ தெரியும்தானே. ஊரெல்லாம் கூடி அழுது, சுட்டு, நீரில் மூழ்கி நினைப்பை ஒழித்தார்கள் என்று பாடல் போகிறது. நாங்கள் அண்ணனைச் சுடவில்லை, புதைத்தோம். நினைப்பையும் ஒழிக்கவில்லை. தினமும் தராசு முள்ளைப் பார்த்துப் பேர் போட்டுப் பேர் போட்டு வளர்ந்த இடத்தில், செத்தவனுக்கு மட்டும் முழுப் பேர் விழுகிறது.

செப்டெம்பர் 19

‘மலையக இலக்கியத்தில் இன்மைவாதம் எங்கே?’ என்ற கேள்விக்கு. சென்ற ஆண்டு ஒக்டோபரில் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ கதையைப் படியுங்கள். ஒற்றைக் காம்பராவில் குடும்பம் முழுவதும் நெருங்கிப் படுக்கும் அவமானம்தான் அதில் பேசப்படுகிறது. அங்கே தத்துவம் ஒரு வரிகூடக் கிடையாது, இன்னொரு அறை இருந்தால் அந்தக் கதையே இல்லை. சி. வி. வேலுப்பிள்ளையின் கவிதையில் தேயிலைக்கு அடியில் புதைந்தவர்களுக்குக் கல்லறை இல்லை, ஒரு காட்டுப்பூவைப் போடவும் ஆள் இல்லை. என் உடம்பில் காட்டுச்செடி முளைக்கும் என்று பஸாரோவ் எகத்தாளமாகச் சொன்னது இங்கே தேயிலையாக முளைத்தே விட்டது. சி. வி. அதை எகத்தாளமாகச் சொல்லவில்லை. அந்தப் பூ இல்லாமையை எண்ணிக் கவிதை எழுதினார், எழுதியதே ஒரு பூவாயிற்று.

இன்னொன்று. நேற்று வெயிலில் வைத்து அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். ‘முதலில் வீடு’ என்பதற்குப் பிறகு ஒரு கோடு வளைந்து இறங்குகிறது. கேள்விக்குறியா, பென்சில் வழுக்கியதா என்று தெரியவில்லை. கேள்விக்குறி என்றால் அவர் பஸாரோவுக்குப் பதில் சொல்லவில்லை, அர்க்காதியைக் கேட்டிருக்கிறார். ஹப்புத்தளைத் தம்பி சென்ற வாரம் வந்தபோது அவரும் பார்த்தார். கேள்விக்குறிதான் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ‘அவன் எழுத்துதான்’ என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

ஒக்டோபர் 1

அம்மாவை அண்ணனைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மூன்று வருடமாக முழங்கால் வலி, இறக்கத்தில் இறங்க முடியவில்லை. இந்த முறை பிடிவாதமாக வந்தார்.

பழைய மயானத்தில் பாதிக்கு மேல் தேயிலை ஏறிவிட்டது. அண்ணனுக்குக் கல் இல்லை. நாங்கள் நட்ட குரோட்டன்தான் அடையாளம். அதைச் சுற்றிப் புல் இடுப்பளவு. அம்மா உட்கார்ந்து, கொழுந்து கிள்ளும் அதே கையால், இரண்டு விரலும் பெருவிரலும் சேர்த்து, புல்லை வேரோடு பிடுங்கத் தொடங்கினார். நான் உதவப் போனேன், ‘வேர் அறுந்துவிடும், விடு’ என்றார். அரை மணி நேரம் எதுவும் பேசவில்லை.

துர்கனேவின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கிழவனும் கிழவியும் கல்லின் தூசியைத் துடைக்கிறார்கள், சாய்ந்த ஒரு மரக்கிளையைச் சரிசெய்கிறார்கள், மறுபடியும் மண்டியிடுகிறார்கள். அந்தக் கிளையைப் பலமுறை படித்திருக்கிறேன். அதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்ததில்லை.

குரோட்டன் காற்றுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அம்மா ஒரு குச்சியை ஊன்றி, சேலை ஓரத்தைக் கிழித்துக் கட்டினார். கட்டு இறுக்கமா என்று அசைத்துப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து, மேலே ஏறும் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ‘தீபாவளிக்கு முன்னால் இன்னொரு முறை வர வேண்டும். அந்த ஹப்புத்தளைப் பையனையும் கூப்பிடு, மண்வெட்டி பிடிக்க ஆள் வேண்டும்.’